சவரிமுத்துவின் நான்கு கிலோமீட்டர்

1986 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணிக்குக் கோயம்புத்தூரில் சேலம் பேருந்தில் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுத் துணி, இரண்டு கிலோ சாத்துக்குடி, ஒரு பெரிய சுருள் பஞ்சு, ஓர் இன்லண்ட் கடிதம்.

கடிதம் டிசம்பர் கடைசியில் வந்தது. எழுதியவர் ஆரோக்கியமேரி, சவரிமுத்துவின் மனைவி. "தம்பி நடராஜனுக்கு. அவருக்கு முதுகுப் புண் மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். உடனே வரவும்." அவ்வளவுதான். உடனே வரச் சொன்ன கடிதத்துக்கு நான் ஆறு வாரம் கழித்துப் புறப்பட்டேன். லேத் பட்டறையில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயம். அவரைப் படுக்கையில் பார்க்கப் பயம்.

சவரிமுத்து யார் என்று கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் மோட்டார் சைக்கிள் தெரிந்த எவரிடமும் கேட்கலாம். மண் பந்தயத்தில் அவருக்கு நிகராக ஓட்டிய ஒருவரை நான் பார்த்ததில்லை. மண் பந்தயம் என்றால் தார்ச்சாலையில் நடப்பதல்ல. காய்ந்த ஏரி, அறுப்பு முடிந்த காடு, கைவிட்ட கல்குவாரி என்று எங்காவது கொடி நட்டுப் பாதை குறிப்பார்கள். மேடு, பள்ளம், சேறு எல்லாவற்றிலும் பத்துப் பதினைந்து சுற்று ஓட்ட வேண்டும். நாங்களெல்லாம் வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். அவர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். வந்ததும் விளக்கு, மட்கார்டு எல்லாம் கழற்றி ஒரு சாக்கில் கட்டி மரத்தடியில் வைப்பார். பந்தயம் முடிந்ததும் திரும்பப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதை முழுவதும் ஒருமுறை நடப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி நின்று குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். எங்கள் வண்டிகள் அலறும். அவர் வண்டி முனகும், அவ்வளவுதான். ஆறு வருடம் அவருக்குப் பின்னால் ஓட்டியவன் நான். அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருமுறை ஓசூர் பக்கம் ஜெயித்துவிட்டு இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் வேகவைத்த நிலக்கடலை வாங்கினார். வாங்கிக்கொள்ளப் பாத்திரம் இல்லை. சட்டென்று வண்டியில் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து, அன்று வாங்கிய வெள்ளிக் கோப்பையை எடுத்து நீட்டினார். கடலைக்காரர் பயந்துவிட்டார். மைல்கல்லில் உட்கார்ந்து இருவரும் அந்தக் கோப்பையிலிருந்து கடலை தின்றோம். "இதுக்குத்தாண்டா இது லாயக்கு" என்று சிரித்தார்.

அப்படிப்பட்டவர் பந்தயத்தில் ஒரு விரல் எலும்புகூட முறியாமல் ஓட்டி முடித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் புளியமரத்திலிருந்து விழுந்தார். பந்தயம் வீட்டுக்குச் சோறு போடாது. மழை பொய்த்த வருடம், காட்டில் ஒன்றும் விளையவில்லை. மரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்காகக் கூலிக்குப் புளி உலுக்கப் போனார். கிளை முறிந்தது. மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. மூன்று மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

காலை 9.20க்குச் சேலம். அங்கிருந்து தர்மபுரிக்கு ஆறே கால் ரூபாய் டிக்கெட். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நல்லம்பள்ளிக்காரர். காலித் தக்காளிக் கூடைகளை அடுக்கிக் காலுக்கிடையில் வைத்திருந்தார்.

"எதுவரைக்கும் போறீங்க?" என்று கேட்டார்.

"இண்டூர் பக்கம். சவரிமுத்துன்னு ஒருத்தர்."

"புளியமரத்துல இருந்து வுழுந்தாரே, அவருங்களா? அடப் பாவமே. இன்னுமா உசுரோட இருக்காரு?"

அவர் பெரிய மோட்டார் சைக்கிள் வீரர், பெங்களூரில் ஆயிரக்கணக்கான பேர் அவரைப் பார்க்கக் கூடுவார்கள் என்று சொன்னேன். கூடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. மரத்துல இருந்து வுழுந்தாருன்னு தெரியும்" என்றார். நல்லம்பள்ளியில் கூடைகளோடு இறங்கிப் போனார்.

11.15க்குத் தர்மபுரி. பென்னாகரம் போகும் பேருந்து 12.10க்கு. இண்டூருக்கு ஒன்றரை ரூபாய். இண்டூரில் இறங்கி, கடையில் வழி கேட்டு, நடக்கத் தொடங்கினேன். அவர் ஊர் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். அந்த நான்கு கிலோமீட்டரைச் சாலை என்று சொல்ல முடியாது. செம்மண், நடுவில் தலைநீட்டும் பாறைகள், மாட்டு வண்டிச் சக்கரம் அறுத்த இரண்டு ஆழமான தடங்கள், பாதி வழியில் மணல் நிரம்பிய ஒரு காட்டோடை. நடக்க நடக்க ஒன்று புரிந்தது. இந்தப் பாதையில் தினமும் போய்வந்தவருக்கு நாங்கள் கொடி நட்டு வைத்த பள்ளமெல்லாம் எம்மாத்திரம்?

ஒன்றரை மணிக்கு வீட்டை அடைந்தேன். சின்ன ஓட்டு வீடு. வேலி முழுவதும் வெள்ளைத் துணிக் கிழிசல்கள் காய்ந்தன. ஆரோக்கியமேரி அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க தம்பி."

ஏன் இத்தனை நாள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

உள்ளே போவதற்கு முன்பே வாடை வந்தது. கட்டிலில் சவரிமுத்து குப்புறப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே, எலும்பு அழுந்தாமலிருக்க, பாதி காற்றடித்த ஸ்கூட்டர் டியூப். கால்கள் இரண்டும் விறகுபோல் ஆகியிருந்தன. கைகள் மட்டும் பழைய கைகள்.

"யாரு, நடராசா?" தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"ஆமாங்கண்ணா."

"இவ எழுதிட்டாளா?"

"எழுதினாங்க."

"டியூப்பப் பாத்தியா? காத்து எவ்வளவுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இவ இப்ப என்னவிட நல்லாப் பாக்கறா." சிரிக்க முயன்றார். உடனே உடம்பு நடுங்கியது. மத்தியான வெயிலில், கம்பளிக்குள் அவருக்குப் பற்கள் அடித்துக்கொண்டன.

புண்ணுக்கு மருந்து வைக்கும்போது நானும் கூட இருந்தேன். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஆரோக்கியமேரி முகத்தைத் திருப்பாமல் கழுவினார். இரண்டு வருடமாக, ஒரு நாளைக்கு மூன்று தடவை. நான் பாதியில் எழுந்து வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான்கு மணிக்குப் பேச்சை எடுத்தேன். தர்மபுரிக்குப் போய்விடலாம், காய்ச்சலாவது இறங்கும் என்றேன். அவர் கம்பளியைத் தோள்வரை இழுத்துக்கொண்டார். மறுபடி கேட்டபோது சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்குப் பயமில்லடா. ரோட்டுக்குத்தான் பயம்."

எனக்குப் புரியவில்லை.

"வுழுந்த அன்னிக்கு டிராக்டர் டிரெய்லர்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க. இதே ரோடு. ஒவ்வொரு கல்லும் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். இப்பப் பாறை வரும், இப்ப ஓடை வரும்னு எண்ணிக்கிட்டே போறேன். டிரெய்லர் குதிக்குது. தலை ஆடுது. ஆனா இடுப்புக்கு ஒண்ணுமே வரல. கல்லு வரல, பள்ளம் வரல. ரோடு இருக்குது, எனக்கு வந்து சேரல. அப்பத்தான் தெரிஞ்சிது, எல்லாம் போயிடுச்சுன்னு. டாக்டர் சொல்றதுக்கு முன்னாலேயே தெரிஞ்சிடுச்சு. மறுபடியும் அந்த நாலு கிலோமீட்டர் என்னால போக முடியாதுடா."

ஆரோக்கியமேரி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இதை அவரும் முதன்முறையாகக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சரக்கு மாதிரி எதுக்குப் போறீங்க? வண்டியை நீங்களே கொண்டுபோங்க. டிரைவர் ஸ்டீரிங்கப் பிடிக்கட்டும். எப்படிப் போகணும்னு நீங்க சொல்லுங்க."

அவர் டியூப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "கார்னா அடி தட்டும். ஓட்டறவன் கேக்கணும்" என்றார். அது சம்மதம் என்று புரிந்துகொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே இண்டூருக்கு நடந்தேன். அங்கே வாடகைக்கு ஓடும் பழைய கார் ஒன்று இருந்தது. டிரைவர் முனுசாமி முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அந்த ரோட்டுல காரு எறங்காதுங்க. அடியில இருக்கற ஆயில் சம்ப்பு ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?"

நான் எண்பது ரூபாயில் பேச்சைத் தொடங்க, அவர் நூற்று இருபதுக்கு ஒப்புக்கொண்டார். காலையில் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. கார் வந்து சேர்வதற்குள்ளேயே இரண்டு இடத்தில் அடி தட்டி, முனுசாமி முகம் சுண்டிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சவரிமுத்துவைப் போர்வையோடு தூக்கிப் பின் இருக்கையில் ஒருக்களிக்கக் கிடத்தினார்கள். தலை மனைவி மடியில். ஒரு கையை இறக்கிக் காரின் தரையில் உள்ளங்கை படும்படி வைத்துக்கொண்டார். அவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. முன் இருக்கையின் முதுகு மட்டும்தான்.

"டிரைவர், உங்க பேரு என்னாங்க?"

"முனுசாமிங்க."

"முனுசாமி, முதல் கியர்லயே போங்க. ஸ்டீரிங்க இறுக்கிப் பிடிக்காதீங்க. அது கொஞ்சம் ஆடட்டும்."

கார் நகர்ந்தது. நூறு அடிகூடப் போகவில்லை. "நிறுத்துங்க" என்றார். "இப்ப எடது பக்கம் பாறை ஒண்ணு இருக்குமே?"

முனுசாமி எட்டிப் பார்த்தார். "ஆமாங்க. அத ஒதுக்கித்தான் வந்தேன்."

"ஒதுக்காதீங்க. ஒதுக்கினா அது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல வந்து அடிவயித்துல தட்டும். சக்கரத்த அதுமேலயே ஏத்துங்க. மெதுவா ஏத்தி, மெதுவா எறக்குங்க."

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சக்கரம் பாறைமேல் ஏறியது, கார் சாய்ந்தது, இறங்கியது. எங்கும் தட்டவில்லை.

அதன்பிறகு முனுசாமி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "வண்டித் தடத்துல எறங்காதீங்க, ஒரு பக்கத்துச் சக்கரம் நடு மேட்டுல, இன்னொண்ணு ஓரத்துல வரட்டும்." "இங்க லேசா பிரேக்கு." "வுட்டுடுங்க, தானா எறங்கும்." சவரிமுத்துவின் குரலில் நடுக்கம் இல்லை. கண்களை மூடியிருந்தார். தரையில் பதிந்த விரல்கள் மட்டும் அசைந்தபடியே இருந்தன. ஒருமுறை, "இந்த மேடு முன்ன இல்லையே" என்றார். இறங்கிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்கு யாரோ பாதையை வெட்டி மூடியிருந்தார்கள்.

ஓடை வந்தது. "மணலு. நின்னா புதைஞ்சிடும். ரெண்டாவது கியர், ஒரே வேகம், என்ன ஆனாலும் கால எடுக்காதீங்க." கார் மீன்போல் வாலை ஆட்டிக்கொண்டு ஓடையைக் கடந்து கரையேறியது. முனுசாமி, "அப்பா சாமி!" என்று கத்திச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தேன். ஆரோக்கியமேரி அழுதுகொண்டிருந்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் புளியமரங்கள். புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பழம் உதிரும் சத்தம் கேட்டதும் சவரிமுத்து கண்ணைத் திறந்தார்.

"நம்ம மரமா? நான் வுழுந்தது?"

"ஆமாங்க" என்றார் ஆரோக்கியமேரி.

"மேல யாரு?"

"சின்னப்பன்."

"கால்ல செருப்பு போட்டிருக்கானா பாரு."

மனைவி சன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தார். "போட்டிருக்கான்."

"கழட்டச் சொல்லு."

ஆரோக்கியமேரி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். மரத்தின் மேலிருந்து ஒரு செருப்பு விழுந்தது. பிறகு இன்னொன்று. கீழே பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து காரையே பார்த்தார்கள்.

நான்கு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். இண்டூரில் தார்ச்சாலை ஏறியதும் அவர் கையைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதற்குமேல் தர்மபுரி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரி. பணியிலிருந்த டாக்டர் ஓர் இளம்பெண். முகம் சுளிக்காமல் பார்த்தார். கட்டுகளை அவரே பிரித்தார். பிறகு எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"ரத்தத்துல கிருமி பரவிடுச்சுங்க. கிட்னியும் சரியா வேலை செய்யல. மருந்து போடறோம். ஆனா நீங்க நம்பிக்கை வச்சிக்கிட்டு இருக்காதீங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒரு மாசத்துக்கு முன்னால கொண்டாந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்."

அந்தக் கடிதம் என் பையில்தான் இருந்தது. ஆரோக்கியமேரி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்து, ஏன் தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அழவாவது செய்திருப்பேன். "ஊசி இப்பவே போடுவாங்களாங்க?" என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அன்று முழுவதும் வராந்தாவில் இருந்தேன். மருந்துக் கடைக்கு மூன்று முறை ஓடினேன். அதுதான் என்னால் முடிந்தது.

ஞாயிறு காலை பத்து மணி. மறுநாள் பட்டறையில் இருந்தாக வேண்டும் என்று சொல்லிக்கொள்ளப் போனேன். சவரிமுத்துவுக்குப் பாதி நினைவு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார்.

"சம்ப்பு ஒடையல, இல்ல?"

"இல்லைங்கண்ணா. ஒரு கீறல்கூட இல்ல."

தலையை அசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆரோக்கியமேரி பேருந்து நிலையம் வரை என்னோடு நடந்து வந்தார். சேலம் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறப்போனேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணுங்க."

இப்போதுதான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவரு பந்தயம் ஓட்டி நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லைங்க. போறேம்பாரு, வந்துட்டேம்பாரு. கேட்டா, சும்மா சுத்தி வர்றதுதாம்பாரு. நேத்துதான் கார்ல பாத்தேன். எப்பிடிங்க ஓட்டுவாரு?"

வண்டி புறப்பட்டுவிட்டது. நான் ஏறவில்லை. வேப்பமரத்தடிச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். எதைச் சொல்வது? பெங்களூர்ப் பந்தயம் ஒன்றைச் சொன்னேன். ஏழாவது சுற்றில் அவர் வண்டியின் ஆக்சிலேட்டர் கேபிள் கைப்பிடியில் அறுந்துபோனது. யாராயிருந்தாலும் ஓரம் ஒதுங்கியிருப்பார்கள். அவர் ஓடிக்கொண்டே குனிந்து, அறுந்த கம்பி முனையைப் பிடித்து, வலது ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டார். விரலால் இழுத்தால் வண்டி ஓடும், விட்டால் நிற்கும். அப்படியே ஐந்து சுற்று. நான் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன். அவர் பெட்ரோல் டாங்க் முழுவதும் ரத்தம். கடைசி மேட்டில் முன்னால் போனவனைத் தாண்டினார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. கன்னடத்தில், தமிழில், என்னென்னவோ கத்தினார்கள். முதலாவதாக வந்து நின்றபோது கம்பியை விரலிலிருந்து பிரிக்க முடியவில்லை. வெட்டித்தான் எடுத்தோம்.

ஆரோக்கியமேரி அசையாமல் கேட்டார். பிறகு தன் வலது ஆள்காட்டி விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கெணத்துக் கயிறு அறுத்திடுச்சுன்னு சொன்னாருங்க. கெணத்துல ஏன் கவனமில்லாம எறைக்கிறீங்கன்னு திட்டிக்கிட்டே ஒரு மாசம் கட்டுக் கட்டினேன்." விரலை விடாமலே கேட்டார். "அத்தன பேரும் எந்திரிச்சு நின்னாங்களா?"

"எல்லாரும் நின்னாங்க அண்ணி."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரமாகிவிட்டது என்று எழுந்து வேகமாக நடந்தார். அடுத்த வண்டி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரில் பட்டறைக்கு எதிர் டீக்கடையில் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சவரி எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு ஒருவர், "அந்தக் குவாரிப் பந்தயத்துல என்ன பண்ணுனாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அடுத்தவர் இன்னொன்று சொன்னார். எனக்கே தெரியாத கதைகள். டீ ஆறிப்போகும்வரை பேசினார்கள். அவர் ஊரில் மரத்திலிருந்து விழுந்தவர். எங்கள் ஊரில் டீக்கடைக்கு டீக்கடை அவர் வெற்றியைச் சொல்ல ஆள் இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் இங்கே இல்லை.

"இதையெல்லாம் இங்க சொல்லாதீங்க. தர்மபுரிக்குப் போய் அவங்க சம்சாரத்துகிட்டச் சொல்லுங்க. அவரு காதுல விழற மாதிரி சொல்லுங்க" என்றேன். ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும், ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்று எழுதி நடுவில் வைத்தேன். எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போய்விடலாம் என்றார்கள்.

சனிக்கிழமை தந்தி வந்தது.